வந்தியின் பங்கு

ஆவணி மூலத் திருவிழாவில் புட்டுத் திருநாளன்று மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் நடை சாத்தப்படுகிறது. சுவாமியும் அம்மனும் ஆரப்பாளையம் புட்டுத்தோப்புக்குப் புறப்பட்டுவிடுவதே காரணம். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வந்து சேருகிறார்கள். கூட்டம் நெரியும் அந்தத் தோப்பில் கூடையும் மண்வெட்டியும் கொண்டு மண் சுமக்கும் காட்சி நடத்திக் காட்டப்படுகிறது. வைகை அங்கிருந்து கூப்பிடு தூரம்.

கதை மதுரையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். வைகையில் வெள்ளம். கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்கு என்று பாண்டியன் அளந்து கொடுக்கிறான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு விழுகிறது. அவளுக்கு மண் சுமக்க ஆளில்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு இறைவனே கூலியாளாக வருகிறான். வேலை செய்யாமல் படுத்து உறங்குகிறான். மன்னனின் பிரம்பு அவன் முதுகில் பட, அந்த அடி மன்னன் உட்பட எல்லோர் முதுகிலும் விழுகிறது. பக்தியோடு கேட்கும் இந்தக் கதையில் ஆட்சிமுறை பற்றிய செய்தியும் இருக்கிறது. வெள்ளம் வந்தது மாணிக்கவாசகரைத் தண்டித்த அரசனின் பிழையால். கரை அடைக்கும் சுமை விழுந்தது குடிகளின் மேல். ஆள்பலம் உள்ள வீட்டுக்கும் ஆளற்ற கிழவிக்கும் ஒரே அளவு.

இன்று வைகையைக் காக்கும் பெயரால் நடப்பது அதைவிட மோசம். அன்று பங்காவது சமமாக இருந்தது. இன்று வந்தியின் பங்கு மட்டுமே அளக்கப்படுகிறது.

ஆறு இருக்கும் நிலையை முதலில் சொல்லிவிடுவோம். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோய்க் கரையில் நின்று பார்த்தால், சீமைக் கருவேலமும் ஆகாயத்தாமரையும் மண்டிய படுகையும், நடுவே கறுத்து ஊரும் ஒரு கோடும் தெரிகின்றன. 258 கிலோமீட்டர் ஓடும் ஆறு இது. 1895இல் கட்டிமுடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரும், 1959 முதல் வைகை அணையின் தேக்கமும் இதை நம்பியிருக்கும் ஊர்களைக் காப்பாற்றி வருகின்றன. ஆனால் நகருக்குள் ஆண்டின் பெரும்பகுதி ஓடுவது ஊர்க் கழிவுதான். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்காக அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். அந்தச் சில நாட்கள் போனால் மீண்டும் சாக்கடை. அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தும், அவற்றுக்குப் போய்ச் சேராத கழிவு வாய்க்கால் வழியே ஆற்றுக்கு வருகிறது.

2024 அக்டோபர் 25 அன்று பெய்த கனமழையில், ஆரப்பாளையத்துக்கு அக்கரையில் உள்ள செல்லூரும் அதை ஒட்டிய பகுதிகளும் மூழ்கின. கண்மாய் நிறைந்தது, நிறைந்த தண்ணீர் ஆற்றுக்குப் போக வழி இல்லை. பந்தல்குடி வாய்க்கால் பொங்கி வீடுகளுக்குள் புகுந்தது. செல்லூர்க் கண்மாயிலிருந்து வைகைக்கு 11.9 கோடி ரூபாயில் சிமென்ட் கால்வாய் அமைக்கப்படும் என்று அரசு அறிவித்தது. வழி இருந்த இடத்தில் வழியை அடைத்துவிட்டு, பிறகு கோடிகள் கொடுத்து அதே வழியைத் திரும்ப வாங்கினோம். அடுத்த ஆண்டு மே 31 அன்று முதலமைச்சர் மதுரைக்கு வந்தபோது, அதே பந்தல்குடி வாய்க்காலின் அழுக்கு அவர் கண்ணில் படாதிருக்கத் துணி கட்டி மறைக்கப்பட்டது. செய்தி வெளியானதும் அவர் இறங்கிச் சென்று வாய்க்காலைப் பார்த்தார். துணி கட்டியவர்களுக்கு வாய்க்காலின் நிலை தெரிந்தே இருந்தது என்பதற்கு அந்தத் துணியைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆகவே ஆறும் கண்மாய்களும் மீட்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்குக் கவலை என்று சிலர் சொல்லிவருவதை ஏற்க முடியாது. நிலத்தடி நீர் இறங்கினால் பங்களாக்காரர் இன்னும் ஆழமாக ஆழ்துளைக் கிணறு போடுவார், லாரித் தண்ணீர் வாங்குவார். குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் குழாயடியில் காத்திருப்பது கூலி வேலைக்குப் போகிற பெண். வெள்ளம் வந்தால் மாடிக்கு ஏறிக்கொள்ள மாடி இருக்க வேண்டும். இயற்கை கெடும்போது முதல் அடி ஏழையின் முதுகில் விழுகிறது. அதைச் சீர்செய்யும்போதும் முதல் அடி அதே முதுகில்தான் விழ வேண்டுமா என்பதே நம் கேள்வி.

சீர்செய்யும் வேலை எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். அளவையர் வருகிறார். சுவரில் சிவப்புப் பெயின்டில் ஓர் எண் எழுதப்படுகிறது. பிறகு நோட்டீஸ். பிறகு ஒரு காலைப் பொழுதில் போலீஸ் வண்டியும் ஜேசிபியும். பீரோ, கிரைண்டர், சாமி படங்கள், கட்டிலில் படுத்திருந்த பாட்டி, பிள்ளையின் புத்தகப் பை எல்லாம் தெருவுக்கு வருகின்றன. மாற்று வீடு கிடைத்தால் அது நகரத்தின் விளிம்பைத் தாண்டி, ராஜாக்கூர் போன்ற இடத்தில் குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடியில் இருக்கும். 1970இல் குடிசைகளை மாற்றுவதற்காக உருவான அந்த வாரியத்துக்கு 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. வாழ்விடம் என்பது நான்கு சுவர் அல்ல. ஆரப்பாளையத்தில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவருக்கும், விடியுமுன் பூ மார்க்கெட்டுக்குப் போய்ப் பூ எடுத்து வந்து கட்டி விற்பவருக்கும் நடந்துபோகும் தூரமே வருமானம். பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பது நல்ல திட்டம். அது காசை மிச்சப்படுத்துகிறது. காலை ஐந்து மணிக்கு வேலை வீட்டு வாசலில் நிற்க வேண்டியவரின் நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை.

இதே ஊரில், இதே நீர்நிலைகளின் மேல் வேறு கட்டடங்களும் இருக்கின்றன. அவற்றின் சுவரில் யாரும் சிவப்பு எண் எழுதவில்லை. மாநகராட்சியின் தலைமை அலுவலகமான அறிஞர் அண்ணா மாளிகை, தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில் நிற்கிறது. 2004 ஜூலை 24 அன்று திறக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில் எழுந்தது. நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி வரும் உத்தரவுகள் அந்த வளாகத்திலிருந்து வருகின்றன. நோட்டீஸ்கள் அந்த மாளிகையிலிருந்து வருகின்றன. தென் மாவட்ட மக்கள் பல ஆண்டுகள் கேட்டுப் பெற்றது உயர் நீதிமன்றக் கிளை. வழக்குக்காகச் சென்னைக்கு ரயிலேறிய ஏழைகளுக்கு அது செய்த நன்மை பெரிது. அதை இடிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம். பொது நன்மைக்காகக் கட்டியது, பல காலமாக நிற்கிறது, அகற்றினால் பலர் துன்பப்படுவார்கள் என்ற மூன்று நியாயங்கள் அந்தக் கட்டடங்களைக் காக்கின்றன. இவற்றில் பின்னிரண்டும் கரையோரத்துக் கூரை வீட்டுக்கும் பொருந்தும். அங்கே மட்டும் அவை ஏன் காதில் விழுவதில்லை?

நீரை நிலமாக்கும் வழக்கத்தை இந்த ஊரில் தொடங்கிவைத்தவர்கள் ஏழைகள் அல்லர் என்பதையும் இங்கே நினைவூட்டலாம். 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டையின் மதில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. தூர்க்க முன்வந்தவர்களுக்கு அந்த இடம் கிடைத்தது. மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படி உருவானவை. ஊர் விரிய அது தேவைப்பட்டிருக்கலாம். நீர் இருக்கும் இடம் சும்மா கிடக்கும் இடம் என்ற எண்ணம் மட்டும் அன்றிலிருந்து நிர்வாகத்தை விட்டுப் போகவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? குளங்கள் பொதுச் சொத்து, அவற்றைக் காப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2001இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் சொன்னது. 2005இல் எல்.கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் நீர்நிலைகளை அடையாளம் கண்டு ஆக்கிரமிப்புகளை நீக்கச் சொன்னது. 2007இல் ஏரிகளைப் பாதுகாப்பதற்கும் ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கும் மாநிலச் சட்டம் வந்தது. எல்லாம் தேவையானவை. 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் பொது நிலங்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு தந்தபோது இரு வகை விதிவிலக்குகளையும் குறிப்பிட்டது. அரசு அறிவிக்கையின்படி குத்தகை பெற்ற நிலமற்ற கூலித் தொழிலாளர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒரு வகை. பள்ளி, மருந்தகம் போன்ற பொதுப் பயன்பாட்டுக் கட்டடங்கள் ஏற்கெனவே உள்ள நிலம் இன்னொரு வகை. நம் நிர்வாகம் இரண்டாவதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டது. கரையோரவாசிகளில் பெரும்பாலோரிடம் குத்தகை ஆவணம் இருக்காது என்பது உண்மையே. ஆனாலும் நிலமற்றவரை வேறு தராசில் நிறுக்க வேண்டும் என்ற நீதி அந்தத் தீர்ப்புக்குள் இருக்கிறது. அதற்கும் முன்பு, 1985இல் மும்பை நடைபாதைவாசிகள் தொடுத்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில், பிழைப்பு என்பது உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. அகற்றவே கூடாது என்று அது சொல்லவில்லை. முறையாகக் கேட்டு, மழைக்காலம் முடிந்த பிறகு செய்யுங்கள் என்றது. அந்த மழைக்கால வரம்புகூட இன்றைக்கு எத்தனை அதிகாரிகளின் நினைவில் இருக்கிறது?

சென்னையின் அனுபவம் நமக்கு முன்னால் இருக்கிறது. பக்கிங்காம் கால்வாயின் உள்ளேயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் ஓடுகிறது. அதே கால்வாயின் கரையில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், 2022 மே மாதம் வீடுகளை இடிக்க வந்தபோது ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். நகருக்குள்ளேயே மாற்று வீடு தரப்படும் என்று அரசு அறிவித்தது அதற்குப் பிறகுதான். ஒரு நியாயமான முடிவுக்கு ஓர் உயிரை விலையாக வாங்கும் நிர்வாகத்தை மன்னிக்க இடமில்லை. அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களில் பலர் பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பப்பட்டார்கள். அந்த இரண்டும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சூழ்ந்த தாழ்வான பகுதிகள். வெள்ளத்துக்குப் பயந்து அகற்றப்பட்டவர்களை வெள்ளம் தேங்கும் இடத்திலேயே குடிவைத்தார்கள். இதில் இயற்கையும் காக்கப்படவில்லை, சமத்துவமும் காக்கப்படவில்லை. அகமதாபாத்தில் சபர்மதிக் கரையை அழகாக்கியபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. தென்கொரியாவின் சியோல் நகரம் மேம்பாலச் சாலையை இடித்துத் தன் ஓடையை 2005இல் மீட்டதை உலகம் பாராட்டியது. அங்கேயும் தெருவோர வியாபாரிகள் இடம் மாற்றப்பட்டு, பிறகு அந்த மாற்று இடத்திலிருந்தும் கிளப்பப்பட்டார்கள். ஆனால் சியோல் முதலில் இடித்தது அரசு கட்டிய சாலையை. மதுரை அந்த வரிசையையாவது கற்றுக்கொண்டிருக்கலாம்.

சமத்துவத்தின் பெயரால் நடக்கும் பொய்யையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெள்ளம் வரும் படுகையில் குடும்பங்களைக் குடியேற விட்டுவிட்டு, மின் இணைப்பும் ரேஷன் அட்டையும் வாக்காளர் அட்டையும் கொடுத்து, ஒவ்வொரு தேர்தலிலும் பட்டா வாங்கித் தருகிறோம் என்று வாக்குக் கேட்டவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஏழைகளின் நண்பர்கள் அல்லர். ஆற்றுப் படுகையில் பட்டா தர முடியாது என்பது கேட்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம்; தருவதாகச் சொல்பவருக்குத் தெரியும். நள்ளிரவில் அணை திறந்து தண்ணீர் வரும்போது தொட்டிலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய்க்கு அந்த வாக்குறுதி எந்த மேட்டைக் காட்டும்? ஜேசிபி வரும் நாளில் அவர்களில் யாரும் முன்னால் நிற்பதில்லை. நிற்பவர்களும் படம் எடுத்த பிறகு போய்விடுகிறார்கள்.

குடிசையை அடிக்கணக்கில் அளக்கத் தெரிந்த மாநகராட்சிக்குப் பெரிய கட்டடங்களை அளக்கத் தெரியவில்லை என்பதை 2025இல் வெளிவந்த சொத்து வரி முறைகேடு காட்டியது. வணிகக் கட்டடங்களுக்கு வரி குறைத்துப் போடப்பட்டதாக வழக்கு. அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தியதாகப் புகார். மண்டலத் தலைவர்களின் ராஜிநாமா. கடைசியில் மேயரின் ராஜிநாமா. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். குறைந்த அந்த வரி எந்தக் கால்வாயைத் தூர்வாரியிருக்கும், எத்தனை வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு தந்திருக்கும் என்று கேட்பது நம் உரிமை. ஆற்றைக் கெடுப்பது கரையில் இருக்கும் குடிசையின் கழிவு மட்டும் அல்ல. நகரத்தின் நூறு வார்டுகளிலிருந்தும், மார்பிள் பதித்த குளியலறைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் திருமண மண்டபங்களிலிருந்தும் வரும் கழிவு அதைவிடப் பல மடங்கு. அந்தக் குழாய்கள் மண்ணுக்கு அடியில் இருப்பதால் கண்ணில் படுவதில்லை. குடிசை கண்ணில் படுகிறது.

இங்கேதான் மக்களாட்சிக்கு உண்மையான சோதனை. இனிப் பிறக்கப்போகிறவர்களுக்கு வாக்கு இல்லை. அவர்களுக்காகவும் ஆறு இருக்க வேண்டும் என்று கேட்பது சூழல் பாதுகாப்பு. 1976இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 48ஏ பிரிவு அதை அரசின் நெறியாக்கியது. இப்போது இருப்பவர்களுக்கு வாக்கு உண்டு. தங்களைத் தராசின் மறு தட்டில் முழு மனிதர்களாக வைக்க வேண்டும் என்பது அவர்கள் கேட்கும் சமத்துவம். இரண்டும் மோதும் இடங்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆற்றின் நீரோட்டப் பாதையில் ஒரு வீடு இருந்தால் அது போகத்தான் வேண்டும், அது யார் வீடாக இருந்தாலும். ஆனால் யாருடையது முதலில் போகும், போகிறவருக்கு என்ன கிடைக்கும், அதை யார் தீர்மானிப்பது என்பவை அரசியல் கேள்விகள். அவற்றைப் பொறியாளரின் வரைபடத்தில் ஒளித்துவைக்கக் கூடாது. பகுதி சபைகளுக்கும் வார்டு குழுக்களுக்கும் தமிழ்நாட்டில் 2022இல் விதிகள் வந்தன. ஆரப்பாளையத்தின் கரையோரத் தெருக்களில் அந்தச் சபை கூடி, ஆற்றை மீட்கும் திட்டத்தின் வரைபடத்தை மேசைமேல் விரித்து, போக வேண்டிய வீடு எது, அந்த வீட்டார் போகும் இடம் எது என்று அவர்கள் வாயாலேயே கேட்டிருக்க வேண்டும். நோட்டீஸ் ஒட்டுவதைக் கலந்தாலோசனை என்று கணக்கில் எழுதுவது அந்த விதிகளுக்குச் செய்யும் துரோகம்.

நம் தீர்ப்பு இதுதான். வைகையை மீட்கும் பணி கரையிலிருந்து அல்ல, கழிவுக் குழாயிலிருந்து தொடங்க வேண்டும். சுத்திகரிக்காத சாக்கடை ஆற்றில் விழும் ஒவ்வொரு வாயும் அடைபட்ட பிறகே, குடியிருப்புகளைத் தொடும் தகுதி மாநகராட்சிக்கு வருகிறது. நீர்நிலையில் நிற்கும் அரசுக் கட்டடங்களை இடிக்க முடியாது என்றால், அவை விழுங்கிய கண்மாய் எவ்வளவு நீரைத் தேக்கியதோ அவ்வளவு நீரைத் தேக்கும் இடத்தை அதே வடிநிலத்தில் அரசு தன் செலவில் உண்டாக்கித் தர வேண்டும். அடுத்து, நீர்ப்பாதையை மறித்த வணிகக் கட்டடங்கள். வீடுகளின் முறை கடைசியில்தான். அப்போதும் மாற்று வீடு பிள்ளையின் பள்ளிக்கும் தாயின் வேலைக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்த வீட்டின் சாவி கையில் வந்த பிறகே பழைய வீட்டின் கதவு கழற்றப்பட வேண்டும். மழைக்காலத்திலும் பள்ளி ஆண்டின் நடுவிலும் ஒரு கூரையும் பிரிக்கப்படக் கூடாது. நகருக்குள் இடம் இல்லை என்ற பதிலை நாம் ஏற்கவில்லை. அலுவலகங்களுக்குக் கண்மாயையே இடமாகக் கண்டுபிடித்த நிர்வாகம், நானூறு சதுர அடி வீடுகளுக்கு மேட்டு நிலத்தில் இடம் கண்டுபிடிக்கட்டும்.

மதுரையின் நீர்நிலைகளையும் வாய்க்கால்களையும் மறித்து நிற்கும் கட்டடங்கள் அனைத்தின் பட்டியலையும், அவற்றின் பரப்பளவோடும் உரிமையாளர் பெயரோடும், அடுத்த ஆவணி மூலத்துக்கு முன்பாக மாநகராட்சி வெளியிட வேண்டும். அதைப் புட்டுத்தோப்பின் வாசலிலும் ஒரு பலகையில் எழுதி வைக்கட்டும். பட்டியலின் முதல் வரியில் தல்லாகுளம் அறிஞர் அண்ணா மாளிகை இருக்க வேண்டும்.